இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேர்? கடலூர், புதுச்சேரிப் பெயர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அப்பா பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தார். தகரப் பலகை, எனாமல் பெயிண்ட், கோடு பிடிக்க ஒரு நூல், அவ்வளவுதான் முதலீடு. ஊர்ப் பேர் வரும் இடத்தில் மட்டும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "இது எந்த ல-னு பெரியவங்க யாரையாவது கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்புவார். தப்பாக எழுதிவிட்டால் அந்தப் பலகை பத்து வருஷம் அங்கேயே நின்று தப்பைச் சொல்லிக்கொண்டிருக்குமே என்பது அவர் கவலை. இப்போது அதே கடையில் நான் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கிறேன். அச்சு முடியக் காத்திருப்பவர்கள் ஊர்ப் பேர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு பேரை நடுவில் உடைத்துப் பொருள் சொல்வது யாருக்கும் எளிது. அதன் பழைய வடிவம் என்ன, யார் எங்கே அப்படி எழுதினார்கள் என்று பார்த்த பிறகுதான் உடைக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் முடிந்தவரை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

கடல் ஓரமாக இருப்பதால்தானே கடலூர்?

இன்றைய எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பழைய பேர் கூடலூர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) தம் நாட்குறிப்பில் இந்த ஊரைக் கூடலூர் என்றுதான் எழுதுகிறார். கூடல் என்றால் ஆறுகள் கூடும் இடம். முதுநகர் பக்கம் போய் நின்று பாருங்கள். கெடிலமும் உப்பனாறும் பரவனாறும் ஒன்றையொன்று நெருங்கி வந்து கடலுக்குள் போகின்றன. சற்று வடக்கே தென்பெண்ணை. நாலு ஆற்றுத் தண்ணீர் வந்து சேரும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது.

தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர், நீலகிரியில் ஒரு கூடலூர் என்று கடலே இல்லாத இடங்களிலும் இந்தப் பேர் இருக்கிறது. மதுரைக்கும் கூடல் என்ற பேர் உண்டு. அப்படியென்றால் நம் ஊர் மட்டும் ஏன் கடலூர் ஆனது? பக்கத்திலேயே கடல் இரைந்துகொண்டிருக்கும்போது காது அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

Cuddalore என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலை ஆதாரமாகக் காட்டிச் சிலர் வாதிடுவதுண்டு. அதை நான் ஏற்பதில்லை. கடப்பாவையும் ஆங்கிலேயர் அதே முதல் மூன்று எழுத்துகளால்தான் எழுதினார்கள். அவர்கள் எழுத்து கூ-வுக்கும் சாட்சி இல்லை, க-வுக்கும் சாட்சி இல்லை.

குண்டு உப்பலவாடி என்கிறார்களே, அங்கே என்ன குண்டு?

பீரங்கிக் குண்டு. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டை மட்டும் இல்லை. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அதுவரை உள்ள கிராமங்களும் சேர்த்தி என்பது பேச்சு. சொன்னபடியே நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம்தான் எல்லை. அந்த எல்லைக்குள் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பேர் நின்றுவிட்டது.

இன்றைக்கும் உப்பலவாடி என்று ஓர் ஊரும் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊரும் தனித்தனியாக இருக்கின்றன. நகரத்துக்குள் குண்டு சாலை இருக்கிறது. அந்தக் 'குண்டு' இந்தப் பீரங்கிக் குண்டுதான் என்றே எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கேட்காமலே ஒரு குண்டு விழுந்து அவர்கள் ஊர் கைமாறியிருக்கிறது. கோட்டைக்கு ஆங்கிலேயர் வைத்த பேர் செயின்ட் டேவிட். 1758-இல் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்து இடித்தது. கோட்டையில் எஞ்சியது கொஞ்சம் சுவர்தான். குண்டு என்ற சொல் மட்டும் முழுசாக நிற்கிறது.

திருப்பாதிரிப்புலியூரில் பாதிரியார் யாராவது இருந்தாரா?

இல்லை. இரண்டும் வேறு வேறு பாதிரி. கிறிஸ்தவக் குருவைக் குறிக்கும் பாதிரி, தகப்பன் என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. ஊர்ப் பேரில் இருப்பது பாதிரி மரம். போர்ச்சுகீசியர் கப்பல் ஏறுவதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் முன்பாகவே சங்கப் பாட்டில் 'வேனிற் பாதிரி' மணந்துகொண்டிருக்கிறது. கோயிலின் தலமரமும் அதுதான்.

பாதிரிக்கு வடமொழியில் பாடலி. அதனால்தான் இங்கே சாமி பேர் பாடலீஸ்வரர். வடக்கே மகத நாட்டின் தலைநகரம் பாடலிபுத்திரம், இன்றைய பாட்னா, அதே மரத்தின் பேரைத்தான் சுமக்கிறது. பெரியபுராணம் நம் ஊரையே பாடலிபுத்திரம் என்று சொல்கிறது. அக்காலத்தில் இங்கே பெரிய சமணப் பள்ளி இருந்தது. லோகவிபாகம் என்ற சமண நூல் பாடலிகம் என்ற இந்த ஊரில் எழுதப்பட்டதாகச் சொல்கிறது. அதில் குறித்திருக்கும் சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. அப்பர் சமணராகத் தருமசேனர் என்ற பேரோடு இருந்ததும் இங்கேதான்.

பிறகு அவர் சைவத்துக்குத் திரும்பியதும், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியதும், 'நற்றுணையாவது நமச்சிவாயவே' என்று பாடிக் கரை சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அவர் கரையேறிய இடம் என்று சொல்லப்படும் ஊரின் பேர் கரையேறவிட்டகுப்பம். ஒரு முழு வாக்கியம் ஊர்ப் பேராக நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முதன்முதலில் இதைப் பலகையில் எழுதியபோது அப்பா இடம் போதாமல் இரண்டு வரியாக மடக்கினார். பேரைச் சுருக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு அவர் ஒப்பவே இல்லை.

பேச்சில் எல்லோரும் 'திருப்பாப்புலியூர்' என்கிறோம். அதில் தவறு ஒன்றும் இல்லை. எழுதும்போது பாதிரியை விட்டுவிடாமல் இருந்தால் சரி.

சரி, புலியூரில் புலி?

தலபுராணப்படி புலிக்கால் முனிவர், அதாவது வியாக்கிரபாதர் வழிபட்ட ஊர்கள் புலியூர். பூப் பறிக்க மரம் ஏறுவதற்காகப் புலியின் காலை வரமாகக் கேட்டு வாங்கியவர் அவர். நம் மாவட்டத்தில் புலியூர்கள் பல இருப்பதால், எந்தப் புலியூர் என்று சொல்ல முன்னால் ஓர் அடைமொழி தேவைப்பட்டிருக்கிறது. பாதிரி நின்ற ஊர் பாதிரிப்புலியூர். எருக்கு நின்ற ஊர் எருக்கத்தம்புலியூர். விருத்தாசலம் பக்கத்தில் இப்போது ராஜேந்திரப்பட்டினம் என்று வழங்குவது அதுதான். சிதம்பரம் பெரும்பற்றப்புலியூர்.

அப்படியானால் சிதம்பரம், தில்லை என்பதெல்லாம்?

ஒரே ஊருக்கு எத்தனை பேர் பாருங்கள். தில்லை ஒரு மரம். உப்பங்கழி ஓரத்தில் வளரும். ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். சிதம்பரம் ஊருக்குள் இன்று தில்லைக் காடு இல்லை. பிச்சாவரத்தில் படகில் போனால் பார்க்கலாம். அந்த மரக்காட்டின் நடுவே எழுந்த ஊர் தில்லை.

சிதம்பரம் என்ற பேருக்கு இரண்டு விளக்கம் உண்டு. சிற்றம்பலம் என்ற தமிழ்ச் சொல் ஒலி மாறிச் சிதம்பரம் ஆனது என்பது ஒன்று. சித் என்றால் அறிவு, அம்பரம் என்றால் வெளி, ஆக ஞானவெளி என்பது மற்றொன்று. கோயிலில் சிற்றம்பலமும் இருக்கிறது, பேரம்பலமும் இருக்கிறது. தேவாரம் சிற்றம்பலம் என்றே பாடுகிறது. ஆகவே சிற்றம்பலம்தான் முந்தியது என்பேன். ஞானவெளி பிறகு அதன் மேல் வந்து அமர்ந்த பொருள். அதுவும் அழகான பொருள்தான், தள்ளிவிட வேண்டியதில்லை.

குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்களின் பெரிய பட்டியலில் 'தேங்கமழ் பாதிரி'யும் வருகிறது, சில அடி தள்ளித் தில்லையும் வருகிறது. எங்கள் மாவட்டத்துப் பெரிய கோயில்கள் இரண்டின் மரங்களும் ஒரே பாட்டில் இருப்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

விருத்தாசலத்துக்குத் தமிழ்ப் பேர் உண்டா?

உண்டு, முதுகுன்றம். தேவாரம் பாடியவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். பழமலை என்றும் பேர். விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. முதுகுன்றத்தை அப்படியே வடமொழியில் பெயர்த்தால் விருத்தாசலம். பேர் மாறியும் பொருள் மாறவில்லை. அந்தப் பக்கத்தில் பழமலை என்று பேர் வைத்துக்கொண்டவர்களைப் பார்த்தால் பழைய ஊர்ப் பேர் ஆள் பேராகப் பிழைத்திருப்பது தெரியும்.

திருவந்திபுரமா, திருவஹீந்திரபுரமா?

அஹி என்றால் பாம்பு, அஹீந்திரன் பாம்பரசனான ஆதிசேஷன். அவன் வழிபட்ட தலம் என்பதால் திருவஹீந்திரபுரம். வாயில் வரும்போது திருவந்திபுரம். பேருந்துப் பலகைக்கு இரண்டாவது போதும். கல்யாணப் பத்திரிகைக்கு முதலாவதைக் கேட்பார்கள், ஆவணி முகூர்த்தத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அச்சடித்திருக்கிறேன்.

வீராணம் ஏரியில் யார் வீரர்?

முதலாம் பராந்தக சோழன். 10-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆண்டவன். வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பேர். வீரநாராயணன் ஏரி வாய்க்கு வசதியாகச் சுருங்கி வீராணம் ஆனது. சென்னையில் குழாயைத் திறப்பவர்கள் பலர் இந்தச் சோழன் பேரைத் தெரியாமலே அவன் ஏரித் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

புதுச்சேரிப் பக்கம் திருபுவனையும் இதே மாதிரிதான். திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று சோழ அரசி ஒருத்தியின் பேரால் அமைந்த ஊர். மங்கலம் போனது, மாதேவி போனாள், மீதி இருந்த 'திரி'யும் 'திரு' ஆகிவிட்டது. மூன்று உலகம் என்ற பொருள் பேரிலிருந்து நழுவி, வெறும் மரியாதைத் 'திரு' என்றே இன்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

பரங்கிப்பேட்டைக்கும் பரங்கிக்காய்க்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஐரோப்பாவில் 'ஃபிராங்க்' என்று ஓர் இனத்தார் இருந்தார்கள். அவர்கள் பேரை வைத்து அரபியரும் பாரசீகரும் ஐரோப்பியர் எல்லோரையும் 'ஃபரங்' என்றார்கள். அது நம்மிடம் வந்து பரங்கி ஆனது. முதலில் வந்த பரங்கி போர்ச்சுகீசியன். அவன் குடியேறி வணிகம் செய்த பேட்டை பரங்கிப்பேட்டை. அவன் வைத்த பேர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம் என்று அர்த்தம். ஊரில் உள்ள முஸ்லிம் மரைக்காயர்களிடம் கேட்டால் மஹ்மூது பந்தர் என்ற பேரையும் சொல்வார்கள். பந்தர் என்றாலும் துறைமுகம்தான். 1781-இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இங்கே நடந்த பெரிய சண்டை, வரலாற்றுப் புத்தகங்களில் போர்ட்டோ நோவோ என்ற பேரில் இருக்கிறது. அது நம் பரங்கிப்பேட்டைதான் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, ஐரோப்பியர் கப்பலில் வந்தது. பரங்கியோடு வந்த காய் என்பதால் பரங்கிக்காய். பொங்கலுக்கு அது இல்லாமல் குழம்பு இல்லை என்ற அளவுக்கு நம்முடையதாகிவிட்ட பிறகும் வந்த வழியைப் பேரில் வைத்திருக்கிறது.

புதுச்சேரி என்பதில் 'சேரி' இருக்கிறதே, அது தாழ்வான சொல் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்பார்கள். ஒரு தம்பி தன் கடைப் பலகையில் 'புதுவை' என்றே போடச் சொன்னார். காரணம் கேட்டபோது, 'சேரி' என்று எழுத அவருக்கு மனசு வரவில்லை என்று தெரிந்தது. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

சேர்ந்து வாழும் இடம் சேரி. சங்கப் பாட்டில் ஊரும் சேரியும் அடுத்தடுத்து வருகின்றன, அலர் பேசும் பெண்கள் அங்கேயும் இருக்கிறார்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலையில் பேர் எழுதி ஆள் எடுக்கும்போது முப்பது குடும்பு (வட்டாரம்), பன்னிரண்டு சேரி என்று கணக்கு வருகிறது. அது பிராமணர் ஊர். அவர்கள் வாழ்ந்த பகுதிகளும் சேரிதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடிப் பாடிய நானூறு பெண்களுக்கு ராஜராஜன் வீடு கொடுத்த இடம் தளிச்சேரி. சொல்லில் எந்தக் குறையும் இல்லை. ஊருக்கு வெளியே சிலரைத் தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் இருந்த இடத்துக்கு மட்டும் இந்தச் சொல்லை ஒதுக்கியவர்கள் செய்த குறை அது. சொல்லை மறைத்து எழுதினால் அந்த ஒதுக்கலுக்கு நாமும் கையெழுத்துப் போட்டது போல ஆகும். புதுவை என்று எழுதுங்கள், தஞ்சை, நெல்லை, கோவை மாதிரி அழகான மரூஉ அது. ஆனால் சேரிக்கு வெட்கப்பட்டு எழுத வேண்டாம்.

எவ்வளவு புதுசு இந்தப் புதுச்சேரி? பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு இங்கே இடம் அமைத்தபோதே பேர் இருந்தது. அதற்கும் வெகு முன்னால், கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளூஸ், இந்தக் கரையில் பொதுகே என்ற துறைமுகத்தைச் சொல்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை அந்தப் பொதுகே என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகளும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன.

பாண்டிச்சேரி என்றால் பாண்டியர் ஊரா?

பாண்டியருக்கும் இதற்கும் ஒன்றும் இல்லை. புதுச்சேரி என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் தம் நாவுக்கு ஏற்பத் திருப்பியது 'பொந்திஷெரி'. அதை ஆங்கிலத்தின் வழியாகத் திரும்ப வாங்கி நாம் பாண்டிச்சேரி ஆக்கினோம். 2006-இல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது. கடலூர் பேருந்து நிலையத்தில் நடத்துநர் இன்னும் "பாண்டி, பாண்டி" என்றுதான் கூவுகிறார். அவரைத் திருத்த நான் போக மாட்டேன்.

உழவர்கரையை ஏன் அப்படி வினோதமாக எழுதியிருக்கிறார்கள்?

பலகையில் Oulgaret என்று இருப்பது பிரெஞ்சு எழுத்துமுறை. 'ஓ', 'யு' என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் பிரெஞ்சில் அது 'உ'. ஆங்கிலம் மட்டும் படித்தவர் அதே பலகையை 'ஔல்கரெட்' என்று வாசித்துக் குழம்புகிறார். பாகூர், அரியாங்குப்பம், உப்பளம், வில்லியனூர் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பிரெஞ்சு உடுப்பு இருக்கிறது. ஆட்களின் பேரிலும் இதைக் காணலாம்: முத்து, சுப்பிரமணியன் என்ற பேர்கள் பழைய புதுச்சேரிக் குடும்பங்களின் சான்றிதழ்களில் எழுத்து கூடி நீளமாக இருக்கும். அச்சடிக்கும்போது அதைத் திருத்திவிடாதீர்கள். அவர்களுக்கு அதுதான் சட்டப்படியான பேர்.

பாகூரைப் பற்றி ஒரு சொல். கல்வெட்டுகளில் அது வாகூர். 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, அங்கே இருந்த கல்விச்சாலைக்கு ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது.

லாஸ்பேட்டை, சட்டக் கல்லூரிப் பேட்டையா?

சட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மாதிரியே எழுத்து இருப்பதால் வந்த சந்தேகம். 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி ஆளுநராக இருந்த ழான் லா தெ லோரிஸ்தோன் என்பவரின் பேரால் வந்த பேட்டை அது. அவர் குடும்பம் ஸ்காட்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போனது. 'லா' என்ற அந்தக் குடும்பப் பேரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'லாஸ்' என்று உச்சரித்தார்கள். நம் பேட்டையின் நடுவில் ஒரு 'ஸ்' இருப்பது அதற்குப் பொருந்தி வருகிறது.

கடற்கரைச் சாலையில் உள்ள மேரி கட்டடம் மாதா பேரில் கட்டியதா?

இல்லை. நகர மன்றத்துக்குப் பிரெஞ்சில் 'மேரி' என்று பேர். 2014-இல் மழையில் அந்தப் பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. பிறகு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கியவரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். அதுவும் பிரெஞ்சு, படைவீரன் என்று பொருள்.

கோரிமேடு, குருசுக்குப்பம்?

கோரி என்றால் முஸ்லிம்களின் சமாதி, பாரசீக வழியில் வந்த சொல். சமாதி இருந்த மேடு கோரிமேடு. இங்கே கடலூர்க் கடற்கரையில் அக்கரைக்கோரி என்று மீனவர் ஊர் இருக்கிறது, அதிலும் அதே கோரி. குருசு, சிலுவைக்குப் போர்ச்சுகீசியச் சொல்.

குப்பம், பாக்கம், பட்டினம், பேட்டை, பாளையம்: எதற்கு எது?

குப்பம் சிறு குடியிருப்பு, கடலோரத்தில் பெரும்பாலும் மீனவர் ஊர். பாக்கம் என்பதற்கு நிகண்டு கடற்கரை ஊர் என்று சொல்லும். ஆனால் மேல்பட்டாம்பாக்கம் மாதிரி உள்ளே தள்ளியும் பாக்கங்கள் இருப்பதால் அதைக் கறாராகப் பிடித்துக்கொள்ள முடியாது. பட்டினம் துறைமுக நகரம். பேட்டை சந்தை கூடிய இடம். பாளையம் படை இறங்கிய இடம். மணக்குள விநாயகரைப் பற்றியும் இதோடு கேட்பார்கள்: மணற்குளம், மணல் நிறைந்த குளத்தருகே இருந்த பிள்ளையார் என்பதுதான் வழங்கும் விளக்கம்.

புதுச்சேரித் தமிழர் சிலருக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பேர் எப்படி வந்தது?

மதம் மாறியதால் வந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது சட்டத்தால் வந்தது. 1881 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. தன் சாதி, சமய வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கிறேன் என்று பதிவு செய்பவர்கள், தமக்கென ஒரு குடும்பப் பேரையும் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பேர். தாங்களே உட்கார்ந்து யோசித்துத் தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பேரைத் தேர்ந்தெடுத்த மனிதர்கள் அவர்கள். அந்த நாளில் ஒவ்வொரு வீட்டிலும் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

அவர்களில் முன்னோடி பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873-இல் ஐரோப்பியர் மாதிரிக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக அவரைத் தடுத்தார்கள். 'நம்மவர்' செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்பது அன்றைய வழக்கம். அவர் விடவில்லை, பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். பிறகு தனிச்சட்டத்தைத் துறந்தபோது அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பேர் லபோர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். வாசலில் நிறுத்தப்பட்டவர் கதவையே தன் பேராக வைத்துக்கொண்டார்.

நம் சொற்கள் அந்தப் பக்கம் போனதுண்டா?

நிறைய. கட்டுமரம் உலகம் பூராவும் 'கட்டமரான்' ஆகப் போயிருக்கிறது. வெட்டி எடுக்கும் வேர் என்பதால் வெட்டிவேர். பிரெஞ்சு வாசனைத் தைலக் கடைகளில் இன்றும் 'வெத்திவேர்' என்றே விற்கிறார்கள். சுருட்டிய புகையிலை சுருட்டு, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. அங்கிருந்து வந்தவை இன்னும் அதிகம்: சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, பீப்பாய், ஏலம், மேஸ்திரி, கொய்யா, அன்னாசி எல்லாம் போர்ச்சுகீசியம் தந்தவை. துட்டு டச்சுக்காரர்களின் சின்னக் காசு. அவர்கள் 1693 முதல் 1699 வரை புதுச்சேரியையே கையில் வைத்திருந்தவர்கள்.

எங்கள் ஊர்ப் பேருக்கு விளக்கம் தேட எங்கே தொடங்கலாம்?

முதலில் வீட்டுப் பெட்டியில். தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நாலு எல்லை சொல்லும் இடத்தில் ஓடை, மேடு, தோப்பு, வயல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பேர் இருக்கும். இப்போதைய பட்டாவில் அவை வெறும் சர்வே எண். அப்புறம் ஊர்க் கோயில் சுவர். அதில் உள்ள எழுத்து உங்களுக்குப் படிக்க வராவிட்டாலும், தொல்லியல் துறை பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதிகளில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று மாவட்ட மைய நூலகத்தில் கேட்கலாம். தேவாரமோ திவ்வியப் பிரபந்தமோ பாடிய ஊராக இருந்தால் அதில் உள்ள வடிவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஊரை விட்டு அதிகம் வெளியே போகாத பாட்டிகளிடம் பேரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பலகையைப் பார்த்துப் பேசாதவர்கள் வாயில் பழைய ஒலி தங்கியிருக்கும்.

எங்கள் வீட்டில் தாத்தா வாங்கிய மனைக்கு ஒரு பத்திரம் இருக்கிறது. மஞ்சள் ஏறி, மடிப்பில் கிழிந்து, மை மங்கிப் போனது. அதில் ஊர்ப் பேர் வரும் இடத்தில் எழுத்தர் தெளிவாகக் 'கூடலூர்' என்று எழுதியிருக்கிறார், கூ-வின் சுழியை நன்றாக நீட்டி.